மேற்கு ஜன்னலுக்கு ஒரு தட்டி

1/ வெயில் காலத்துல தலைச்சுத்தல், மயக்கம்னு வர்ற பெரியவங்ககிட்ட நான் கேக்குற ஒரு கேள்வி: "நீங்க படுக்குற இடத்துல ஜன்னல் எந்தப் பக்கம்?" பாதிப் பேர் சிரிப்பாங்க. காரணம் இருக்கு.

2/ பழவேற்காடு மீனவக் கிராமங்கள்ல இப்போ கான்கிரீட் வீடுகள் நிறைய. புயலுக்கும் தீக்கும் நல்லது. ஆனா பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி உள்ளே விடும். "ஃபேன் போட்டா அனல்தான் வருது டாக்டரே"ன்னு ஒரு ஆயா சொன்னாங்க. உண்மைதான். 40 டிகிரியைத் தாண்டினா ஃபேன் உடம்பைச் சூடாக்கும்.

3/ சன்ஷேடு உச்சி வெயிலைத்தான் தடுக்கும். சாயங்கால வெயில் சாய்வா உள்ளே வரும். உள்பக்கம் திரை போட்டா, சூடு ஏற்கெனவே வீட்டுக்குள்ள வந்தாச்சு. வெளியிலேயே தடுக்கணும்.

4/ "சுவர் மெல்லிசு, சட்டத்துல ஆழமே இல்ல, எங்க மாட்டுறது?" சட்டத்துல வேணாம். சன்ஷேடு விளிம்புலேர்ந்து ஓலைத் தட்டியைத் தொங்க விடுங்க. ஜன்னல் கதவு வெளியே திறக்க இடம் இருக்கும், காத்தும் போகும். உப்புக் காத்துல இரும்புக் கொக்கி துருப்பிடிக்கும். நைலான் கயிறு போதும். கீழ் முனையையும் கட்டிடுங்க. பனை ஓலை முடையுற கை நம்ம ஊர்லயே இருக்கு.

5/ கடல் பக்கத்து ஜன்னலை மட்டும் மறைக்காதீங்க. மதியக் காத்து அதுலதான் வரும்.

6/ தட்டி மருந்து இல்ல. வெயில்ல இருந்தவர் உளறினா, உடம்பு கொதிச்சா, உடனே 108. வண்டி வர்ற வரை நிழல்ல படுக்க வெச்சு, உடம்பை நனைச்சு விசிறுங்க. நினைவில்லாதவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க.