மார்த்தா குக் விடுதியில் ஜானகி அம்மாள்

பயணத் தொடர் – 5

சிவகாசிப் பக்கம் ஜானகி அம்மாள் என்று சொன்னால் எவருக்கும் காலேஜ்தான் ஞாபகத்துக்கு வரும். 1963இல் தொடங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் அங்கே படித்தவர்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் உண்டு. ஆகவே, ஜானகி அம்மாள் படித்த இடத்தைப் பார்க்க அமெரிக்கா போகிறேன் என்றதும் அத்தை, "நம்ம காலேஜ் அம்மாவா? அவுக அமெரிக்காவுலயா படிச்சாக?" என்று கேட்டாள்.

இல்லை, இவர் வேறு ஜானகி அம்மாள், தலச்சேரிக்காரர், செடிகொடிகளை ஆராய்ந்த விஞ்ஞானி என்றேன். அவர் போனது நூறு வருஷம் முந்தியா, ஐம்பது வருஷம் முந்தியா என்றெல்லாம் அத்தை விசாரிக்கவில்லை. தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷம் குச்சி அடுக்கியவள் அவள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அம்புட்டுத் தூரத்துல பொம்பளப்பிள்ளைக்கு இருக்க எடமும் சோறும் யாரு குடுத்தா?"

சிகாகோவிலிருந்து வந்த ரயில், ஜானகி படித்த ஊரான ஆன் ஆர்பரில் என்னை இறக்கிவிட்டபோதும் அந்தக் கேள்வி காதிலேயே இருந்தது. இப்போதைய ரயிலடிக்குப் பக்கத்தில் 1886இல் கட்டிய பழைய நிலையம் நிற்கிறது. கல் கட்டடம், வளைவு வாசல்கள். அது உணவகமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. 1924இல் ரயிலேறி இந்த ஊருக்கு வந்தவர்கள் பலரும் இறங்கிய இடம் அது. எடவலத் கக்கத் ஜானகியும் பெட்டி படுக்கையோடு அங்கேதான் இறங்கியிருக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது 26.

பிறந்தது 1897 நவம்பர் 4. அப்பா தலச்சேரியில் சப் ஜட்ஜ். தோட்டத்திலும் பறவைகளிலும் ஆசை கொண்ட மனிதர். பெரிய குடும்பம். அக்காமார்களுக்கு ஒவ்வொருவராகக் கல்யாணம் ஆகிக்கொண்டிருந்தது. ஜானகி படிக்கச் சென்னைக்கு வந்தார். மெரினாவைப் பார்த்தபடி 1914இல் தொடங்கப்பட்ட பெண்கள் கல்லூரி, பின்னால் ராணி மேரிக் கல்லூரி ஆனது. அங்கே படித்து, பிறகு மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் ஆனர்ஸ் முடித்து, நுங்கம்பாக்கத்தில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தார். அந்த நேரத்தில் இரண்டு வழிகள் வந்து நின்றன. ஒன்று, வீட்டில் பார்த்த கல்யாணம். இன்னொன்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பார்பர் உதவித்தொகை. அவர் கப்பலேறினார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவர் போன வருஷத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1924இல் வந்த குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்குக் கிட்டத்தட்டக் கதவையே சாத்தியது. மாணவர்களுக்கு மட்டும் ஒரு சந்து திறந்திருந்தது. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவில் ஜானகியையும் நிறுத்தி வைத்தார்கள். பட்டுப் புடவையும் நீளக் கூந்தலுமாக நின்றவரைப் பார்த்து, இந்திய இளவரசியோ என்று அதிகாரிகள் கேட்டதாகவும், அவர் அதை மறுக்கவில்லை என்றும் அவருடைய குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1817இல் டெட்ராய்ட்டில் பிறந்து, 1837இல் ஆன் ஆர்பருக்கு இடம் மாறியது. பெண்களைச் சேர்த்துக்கொள்ள அதற்கு 1870 வரை ஆனது. முதலில் சேர்ந்தவர் மடலன் ஸ்டாக்வெல் என்ற ஒரே ஒரு பெண். 1896இல் ஷி மேயு, காங் செங் என்ற இரண்டு சீனப் பெண்கள் இங்கே மருத்துவப் பட்டம் வாங்கி ஊர் திரும்பி ஆஸ்பத்திரி நடத்தினார்கள். பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் இருந்த லீவை பார்பர் ஆசியாவில் பயணம் போனபோது, இங்கே படித்துப் போன இப்படிப்பட்ட பெண் டாக்டர்களைக் கண்டார். 1917இல் ஆசியப் பெண்களுக்கென்றே ஒரு உதவித்தொகையை நிறுவினார். ஒருத்தி படித்துவிட்டு ஊர் திரும்பி ஒழுங்காக வேலை பார்த்தால், முகம் தெரியாத இன்னொருத்திக்கு வழி திறக்கிறது. தலச்சேரிப் பெண்ணுக்குக் கிடைத்த சீட்டுக்குப் பின்னால் சீனாவின் இரண்டு டாக்டரம்மாக்கள் இருக்கிறார்கள்.

ரயிலடியிலிருந்து மேட்டில் ஏறி நடந்தால் அரை மணிக்குள் சவுத் யூனிவர்சிட்டி அவென்யூ. அக்டோபர் மாதம். மேப்பிள் மரங்கள் பழுத்த மிளகாய் நிறத்தில் நின்றன. கரிசலில் மிளகாய் வத்தல் காயப்போட்ட களம் எப்படிச் சிவந்து கிடக்குமோ அப்படி நடைபாதை முழுக்க இலை. அந்தச் சாலையில்தான் மார்த்தா குக் கட்டடம் இருக்கிறது. 1915இல் திறந்தது, நெடிய செங்கல் கட்டடம், தேவாலயச் சாயலில் ஜன்னல்கள். வாசலுக்கு மேலே ஒரு பெண்ணின் சிலை. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வக்கீல் வேஷம் போட்டு வழக்கை வென்ற போர்ஷியா. கட்டிக் கொடுத்த வில்லியம் குக், இதே பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து நியூயார்க்கில் பெரிய வக்கீல் ஆனவர். மார்த்தா என்பது அவருடைய அம்மா.

ஜானகி தங்கியது இங்கேதான்.

அனுமதி கேட்டு உள்ளே போய்த் தரைத்தளத்தைப் பார்த்தேன். நீண்ட தாழ்வாரம், அதன் கோடியில் வீனஸ் சிலையின் நகல். ஒரு பக்கத்தில் பொன்னறை என்று பெயர் பெற்ற வரவேற்பறை, அதில் பெரிய பியானோ. தனிச் சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலைகளில் எல்லாரும் கூடித் தேநீர் குடிப்பது இந்த விடுதியின் பழைய பழக்கம். பெண்கள் படிக்க வந்தால் ஏதோ ஒரு மூலையில் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று கட்டிய இடமாக இது தெரியவில்லை. நல்ல மரம், நல்ல நாற்காலி, நல்ல வெளிச்சம். எங்கள் ஊரில் பத்தாவது முடித்த பிள்ளையை மேலே அனுப்பலாமா என்று வீடுகளில் பேச்சு வரும்போது மார்க்கைப் பற்றிய பேச்சு ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். எங்கே தங்குவாள், யார் பார்த்துக்கொள்வார்கள், ராத்திரி எத்தனை மணிக்குக் கதவு சாத்துவார்கள் என்பதில்தான் பாதி ராத்திரி போகும். அத்தை கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

விடுதிக்கு வெளியே ஊர் அப்படி ஒன்றும் தாராளமாக இல்லை. மிச்சிகன் யூனியன் என்ற மாணவர் மாளிகையின் முன்வாசல் வழியாகத் துணையில்லாமல் வரும் பெண்ணுக்கு அனுமதி கிடையாது; பக்கவாசல்தான். 1950கள் வரை அந்த விதி இருந்தது. இன்று அந்த முன்படிகளில் பெண்கள் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நானும் கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்தேன்.

வளாகத்தின் நடுவில் இருக்கும் இயற்கை அறிவியல் கட்டடத்துக்குள் அன்று தாவரவியல் துறை இருந்தது. டெட்ராய்ட்டின் மோட்டார் தொழிற்சாலைகளைக் கட்டிய ஆல்பர்ட் கான் வரைந்தது. தொழிற்சாலை போலவே வரிசை வரிசையாக அகல ஜன்னல்கள். நுண்ணோக்கி வைத்து வேலை செய்கிறவர்களுக்குப் பகல் வெளிச்சம் முக்கியம். பேராசிரியர் ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட்டிடம் ஜானகி வேலை பழகினார். வேர் நுனியையோ மொட்டையோ மருந்தில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, வெட்டுக் கருவியில் மெல்லிய தாளாகச் சீவி, சாயமேற்றி, குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ணிப் படமாக வரைவது. இதைப் படித்தபோது எனக்கு அத்தையின் கை கண்ணுக்குள் வந்தது. அடுக்கிய குச்சிகளை மருந்தில் முக்குவதற்கு முன்னால் தோய்ப்பதும் மெழுகில்தான். கண்ணை எடுக்காமல், எண்ணிக்கை தவறாமல், நாள் முழுக்க ஒரே இருப்பில் இருக்கும் வேலை இரண்டும்.

முதுகலைப் பட்டம் வாங்கியதும் ஊர் திரும்பிப் பழைய கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்துவிட்டு, மறுபடி ஆன் ஆர்பர் வந்தார். 1931இல் டாக்டர் பட்டம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட செடி நிகாண்ட்ரா ஃபைசலோடீஸ். பெரு நாட்டிலிருந்து வந்தது, கத்தரிக் குடும்பம். நம் வரப்போரம் முளைக்கும் சொடக்குத் தக்காளியைப் போலவே காயைச் சுற்றித் தாள் பை மாதிரி ஒரு உறை. பூ மட்டும் இளநீலம். இங்கே இருந்தபோது ஒரு கலப்பினக் கத்தரியையும் உருவாக்கினார். அது அவர் பெயராலேயே ஜானகி பிரிஞ்சால் என்று அழைக்கப்பட்டது.

மாணவப் பருவத்துச் செடியை அவர் விட்டுவிடவில்லை. இடையில் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை வேறு புல்வகைகளோடும் மூங்கிலோடும்கூடக் கலந்து பார்த்தார். பிறகு இங்கிலாந்து போய், குண்டு விழுந்த போர்க்காலத்தில் அங்கேயே வேலை செய்தார். 1945இல் சி. டி. டார்லிங்டனும் அவரும் சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்டவணையைப் பெரும் நூலாகக் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் இருவரும் எழுதிய ஒரு கட்டுரை பழைய நிகாண்ட்ராவைப் பற்றியது. அந்தச் செடியின் விதைகளில் குரோமோசோம் எண்ணிக்கை வேறுபடுவதையும், அதற்கேற்ப சில விதை உடனே முளைக்க, சில விதை மண்ணுக்குள் காத்துக் கிடப்பதையும் அது பேசுகிறது. மழையை நம்பி விதைத்துவிட்டு வானம் பார்க்கும் மானாவாரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1956இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

மார்த்தா குக்கிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஸ்டேட் தெருவில் பெண்களுக்கென்று கட்டிய இன்னொரு விடுதி. 1920இல் திறந்தது. உதவித்தொகை தந்த லீவை பார்பரே கட்டிக் கொடுத்தது. இதற்கும் ஆல்பர்ட் கான்தான் கட்டடக் கலைஞர். பெயர் பெட்ஸி பார்பர் இல்லம். பெட்ஸி என்பது லீவை பார்பரின் அம்மா.

இரவு எட்டரைக்கு அத்தைக்குப் போன் போட்டேன். ஊரில் காலை ஆறு. வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு விடுதிகளைப் பற்றியும் சமையலறையைப் பற்றியும் சொன்னேன். வெள்ளிக்கிழமைத் தேநீரையும் விடவில்லை.

"ரெண்டு வீடுமா அம்மா பேர்ல கட்டுனது?"

"ஆமா அத்தை."

"அந்தப் பிள்ள இருந்த வீட்டம்மா பேரு என்னன்ன?"

"மார்த்தா."

சரியாகக் காதில் விழவில்லை என்றாள். இன்னொரு தடவை சொன்னேன். அந்தப் பக்கத்தில் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தாள்.

(தொடரும்)