உடைந்த பாட்டிலைப் படிக்கும் வேலை

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையின் பிரஷர் டெஸ்டரில் பாட்டில் வெடித்ததும் புதுப் பையன்கள் திரையில் வந்த எண்ணை ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார்கள். சில்லுகளை வழித்து, மறுபடி உருக்கப் போகும் கல்லட் தொட்டியில் கொட்டிவிட்டு அடுத்த பாட்டிலை எடுப்பார்கள். எத்தனை கிலோவில் உடைந்தது என்பதை மெஷினே சொல்லிவிடும். எங்கிருந்து உடைந்தது என்பதை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பங்கு அந்தச் சில்லுகளில்தான் கிடக்கிறது.

நான் திருமலைராயன்பட்டினத்துக்காரன். மண்மாரி பொழியும்படி காளமேகப் புலவர் பாடினார் என்று கதை சொல்லும் ஊர். மணலை உருக்கிச் செய்யும் பொருளிலேயே எனக்குப் பிழைப்பு அமைந்தது. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். அந்தக் கூட்டத்தில் சோடா வண்டிகள் நாள் முழுக்க வெயிலில் நிற்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் வாயு வெளியே வரப் பார்க்கும், உள் அழுத்தம் கூடும். 1872-இல் ஹிரம் காட் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற கோலி பாட்டிலில் கோலியைக் கழுத்தில் தூக்கி நிறுத்துவதும் அதே அழுத்தம்தான். வண்டியைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் நிற்பார்கள். டெஸ்டர் முன்னால் நிற்பவனுக்கு அந்தக் குழந்தைகளின் நினைப்பு இருக்க வேண்டும்.

சாம்பிள் எடுப்பதிலேயே வேலை ஆரம்பமாகிவிடுகிறது. பாட்டிலை மெல்ல ஆறவைக்கும் லேர் அடுப்பிலிருந்து வரும் பாட்டில்களை ஒவ்வொரு மோல்டு நம்பருக்கும் தனித்தனியாக எடுக்கணும். ஒன்றோடு ஒன்று இடிக்காமல் தூக்கி வரணும். டிரேயில் கலகலவென்று அள்ளி வந்தால், தூக்கி வந்த லட்சணத்தைத்தான் டெஸ்ட் செய்வோம். சூடு ஆறியதும் தண்ணீரை வாய் வரை நிரப்பணும், காற்று துளியும் தங்கக்கூடாது. தண்ணீரைக் கசக்க முடியாது, அதனால் பாட்டில் விட்டதும் அழுத்தம் உடனே விழுந்துவிடும். காற்று அப்படியல்ல. கசங்கி இருந்துவிட்டு ஒரே மூச்சில் விரிந்து சில்லை நாலா பக்கமும் எறியும். டேப் சுற்றித்தான் பாட்டிலை மாட்டுவேன். உடைந்தாலும் துண்டுகள் இடம் மாறாமல் நிற்கும்.

சீக்கிரமாக ஏற்றி உடைக்கும்போது வரும் எண், ஒரு நிமிடம் பிடித்து வைத்தால் தாங்கும் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும். கீறலின் நுனியில் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். அதனால்தான் மெஷின் அதை ஒரு நிமிடக் கணக்குக்கு மாற்றிக் காட்டுகிறது. இதே காரணத்தால் டெஸ்டில் உடையாமல் தப்பிய பாட்டிலையும் திரும்ப லைனில் விடக்கூடாது. “தாங்கிடுச்சே அண்ணே, நல்ல பாட்டில்தானே?” என்று ஒவ்வொரு பேட்ச் பையன்களும் கேட்பார்கள். தாங்கியது உண்மைதான். தாங்கும்போது உள்ளே இருந்த சின்னக் கீறல் எவ்வளவு வளர்ந்தது என்று யார் கண்டது? அது கல்லட்டுக்குத்தான் போகணும்.

இனி சில்லு. வெறும் அழுத்தத்தில் பாட்டிலின் உடம்பு விட்டால் வெடிப்பு மேலும் கீழுமாக நெட்டுக்குத்தாக ஓடும். சுற்றிலும் இழுக்கும் விசை நீளவாக்கில் இழுப்பதைப்போல இரண்டு மடங்கு என்பதால்தான் அப்படி. பிறகு ஆற்றின் கிளைகள்போல இரு பக்கமும் பிரியும். அழுத்தம் அதிகமாக இருந்தால் கிளைகளும் அதிகம். அந்தக் கிளைகளைப் பின்னோக்கிப் பிடித்து வந்தால் எல்லாம் கூடும் ஓரிடம் கிடைக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அங்கே கண்ணாடி போல வழவழப்பான ஒரு சிறு பிறை தெரியும், அதைச் சுற்றி மங்கலான வளையம், அப்புறம் சொரசொரப்பு. பிறை பெரிதாக இருந்தால் குறைந்த அழுத்தத்திலேயே விட்டிருக்கிறது. ஏதோ ஒரு குறை அங்கே காத்திருந்தது என்று அர்த்தம். உருகாத ஸ்டோனா, செக் எனும் மெல்லிய வெடிப்பா, உள்ளே பேர்ட் ஸ்விங் எனும் கண்ணாடி இழை ஒட்டியிருந்த அடியா, வெளியில் பட்ட காயமா என்று அந்த இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். குறை ஒன்றும் காணோம் என்றால் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். 2 மில்லி இருக்க வேண்டிய இடத்தில் 1 மில்லிதான் இருந்தால் அங்கே இழுவை இரட்டிப்பாகிவிடும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த ஃபோர்மேன் ஐயா எண்ணைக் கடைசியாகத்தான் பார்ப்பார். ஒருமுறை வரிசையாக ரீடிங் இறங்கியது. ஷிஃப்டில் இருந்த பையன் லேர் சூடு சரியில்லை என்று அடித்துச் சொன்னான். உள்ளே தங்கிய ஸ்ட்ரெயினைக் காட்டும் போலரிஸ்கோப்பில் வைத்தால் பாட்டில் சுத்தமாக இருந்தது. “எந்த மோல்டு?” என்றார் ஐயா. எல்லா மோல்டிலும் என்றான் பையன். “ஒரு நம்பர்ல வந்தா ஹாட் எண்டுல, பாட்டில் உருவாகிற இடத்துல தேடு. எல்லா நம்பர்லயும் வந்தா எல்லாப் பாட்டிலும் சேர்ந்து போற வழியில தேடுப்பா.” சில்லுகளைச் சேர்த்துப் பார்த்தோம், எல்லாவற்றிலும் வெடிப்பின் பிறப்பிடம் ஒரே உயரத்தில், வெளிப்பக்கம். ஐயா ஒரு பாட்டிலைக் கையில் பிடித்தபடி கன்வேயர் ஓரமாகவே நடந்தார். திருப்பத்தில் கைடு ரெயிலின் பிளாஸ்டிக் தேய்ந்து இரும்பு வெளியே வந்திருந்தது. அந்த இரும்பு பாட்டிலின் தோளுக்குக் கீழே அதே உயரத்தில் வந்து உட்கார்ந்தது.

அன்றைக்கு இன்னொன்றையும் காட்டினார். காய்ந்த பாட்டில் இரண்டை எடுத்துத் தோளோடு தோள் தேய்த்தார். லேரை விட்டு வரும்போது அடிக்கும் கோல்டு எண்டு ஸ்ப்ரே நன்றாகப் படிந்திருந்தால் சத்தமில்லாமல் வழுக்கும். படியாவிட்டால் கிரீச்சென்று பிடிக்கும், அந்த உரசலிலேயே இரண்டு பாட்டிலிலும் கீறல் விழுந்துவிடும். அன்றைக்குக் கிரீச்சிட்டது. ஒரு நாசில் அடைத்திருந்தது. ஸ்ப்ரே படிந்திருந்தால் அந்த இரும்பு இவ்வளவு ஆழமாகக் கடித்திருக்காது என்றார்.

கண்ணாடி இயல்பில் பலமானது. மோல்டைக்கூடத் தொடாமல் காற்றில் ஊதிப் பிறக்கும் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட எவ்வளவோ உறுதியானது. கை படுவதும் இரும்பு படுவதும் பாட்டிலோடு பாட்டில் உரசுவதும்தான் அதன் பலத்தைத் தின்கின்றன. திரும்பத் திரும்ப நிரப்பப்படும் சோடா பாட்டிலின் தோளிலும் அடியிலும் வெள்ளையாக ஒரு வளையம் தேய்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். புதிதில் காட்டிய எண்ணை அது இனிக் காட்டாது. அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் புதுப் பாட்டிலில் கூடுதல் பலம் கேட்கிறோம்.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறையோடு ஒரு லென்ஸும் வாங்கி வையுங்கள். குறைந்த எண் காட்டிய பாட்டிலின் சில்லுகளைத் தனிப் பையில் போட்டு, மோல்டு நம்பர், நேரம், அழுத்தம் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். மோல்டு ஷாப்புக்கு ஃபோன் போடுவதற்கு முன் பிறப்பிடத்தைப் பார்த்துவிடுங்கள். சில்லு கிடைக்கவில்லை என்றால் காரணத்தை ஊகித்து எழுதாதீர்கள். அதே மோல்டில் இன்னும் சில பாட்டில் எடுத்து வந்து, டேப் சுற்றி மறுபடி மாட்டுங்கள்.