தால் ஏரி உறையும் நாட்கள்

மார்கழிப் பனியில் கோலம் போடும்போதே “அப்பப்பா, என்ன குளிர்!” என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறவர்கள் நாம். ஜனவரி மாதத்தில் ஸ்ரீநகரில் பத்து நாள் இருந்து பாருங்கள், அப்புறம் அந்தப் பேச்சே வாயில் வராது!

அங்கே குளிருக்குக் கணக்கு உண்டு. டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாட்களுக்கு ‘சில்லை கலான்’, அதாவது பெரிய குளிர் என்று பெயர். அடுத்த 20 நாள் ‘சில்லை குர்த்’. கடைசிப் பத்து நாள் ‘சில்லை பச்சா’, குட்டிக் குளிராம்! பெரிய குளிரின் இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவது சர்வ சாதாரணம். 2021 ஜனவரியில் மைனஸ் 8 டிகிரிக்கும் கீழே போய்விட்டது.

காலையில் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் வராது. உள்ளேயே கட்டியாகியிருக்கும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி மெல்ல மெல்ல இளக்க வேண்டும். அதனால் நாங்கள் தங்கிய வீட்டில் ராத்திரியே பாத்திரங்களில் பிடித்து வைத்துவிடுவார்கள். கொடியில் போட்ட பைஜாமாவோ பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது!

பனி விழுந்து மலைச்சாலை அடைபட்டால் காய்கறி லாரி வராது. அதற்காகவே கோடையில் சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளி எல்லாவற்றையும் வெட்டி வெயிலில் காயவைத்து விடுகிறார்கள். நம்ம ஊர் வற்றல் மாதிரிதான். ஊறவைத்துப் பருப்போடு சமைத்த சுரைக்காய் வற்றலுக்குத் தனி மணம். உப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைக்கும் ரோஸ் நிற ‘நூன் சாய்’ மட்டும் எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. குங்குமப்பூவும் பட்டையும் ஏலமும் மணக்கும் ‘கஹ்வா’தான் என் கட்சி.

அந்த ஊரின் உயிர்நாடி காங்கிரி. பிரம்புக் கூடைக்குள் ஒரு மண்சட்டி, அதில் கரித்தணல். இலையுதிர் காலத்தில் சினார் சருகுகளைக் கூட்டி எரித்துச் செய்த கரியும் இதற்கு உதவுகிறது. ‘ஃபிரன்’ என்ற தொளதொள அங்கிக்குள் இதைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள், பேசுகிறார்கள், கடைக்குப் போகிறார்கள்.

சுகமானதுதான். ஆனால் வயிற்றிலும் தொடையிலும் வருஷக்கணக்கில் அந்தச் சூடு பட்டால் தோல் கறுத்து, சிலருக்குப் புற்றுநோயே வருகிறது. ‘காங்கிரி புற்று’ என்று மருத்துவப் புத்தகத்திலேயே பெயர் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம், மூடிய அறையில் தணல் கிளப்பும் கார்பன் மோனாக்சைடு. மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போய்விடலாம்.

அந்த வீட்டு மருமகளுக்கு ஆறு மாதக் குழந்தை. ராத்திரி காங்கிரியை அறைக்குள்ளேயே விடமாட்டாள். வெந்நீர் ரப்பர் பையைத் துண்டில் சுற்றி முதலில் படுக்கையைச் சூடாக்கி, பிறகு அதை எடுத்துவிட்டுத்தான் குழந்தையைப் படுக்க வைப்பாள். மாமியார் அறையில் காங்கிரி உண்டு. அங்கே போய் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைப்பாள். “குளிர் உள்ளே வருதே! நாங்க பிள்ளை வளர்க்கலையா?” என்று மாமியார் முணுமுணுப்பார். எந்த ஊரானால் என்ன, இந்தப் பேச்சு மட்டும் மாறுவதில்லை! அன்று ராத்திரி அந்த ஜன்னல் இரண்டு தடவை மூடப்பட்டது; இரண்டு தடவையும் அவள் எழுந்து போய்த் திறந்தாள்.

விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போனோம். ஓரமெல்லாம் கண்ணாடியாக உறைந்து கிடந்தது. படகுக்காரர் துடுப்பால் பனிக்கட்டியைத் தட்டி உடைத்து வழி செய்துகொண்டு போனார். சளக், சளக் என்று சில்லு உடையும் சத்தம். கரையில் இலையில்லாத சினார் மரங்கள். ஊருக்கு வெளியே ஹோக்கர்சர் நீர்நிலையில் ஆயிரக்கணக்கில் காட்டு வாத்துகள் வந்து இறங்கியிருந்தன. சைபீரியாக் குளிர் தாங்காமல் வருகிற பறவைகளும் அதில் உண்டாம். நான் இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை சகிதம் நடுங்கிக்கொண்டு நிற்க, அவை ஜாலியாக நீந்திக்கொண்டிருந்தன.