ஸியனாவின் ஒற்றைச் சுவர்

இத்தாலி என்றதும் உங்களுக்கு ரோமாபுரியும் வெனிஸும்தான் நினைவுக்கு வரும், இல்லையா? இன்று உங்களை ஸியனாவுக்கு அழைத்துப் போகிறேன். பிளாரென்ஸுக்குத் தெற்கே, குன்றின் மேல் அமைந்த பழைய ஊர். செங்கல் வீடுகளுக்கு நடுவே சந்துகளில் மூச்சு வாங்க ஏறி வந்தால், எதிரே மாதா கோயில்!

கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகச் சலவைக்கல். மணிக்கூண்டும் அப்படி, உள்ளே தூண்களும் அப்படி. ஊரின் சின்னத்திலும் இதே இரண்டு நிறங்கள்தான். முகப்பின் கீழ்ப் பகுதி, ஜியோவன்னி பிசானோ என்ற சிற்பி 1284-ல் தொடங்கிய வேலை. உள்ளே இருக்கும் எண்கோணப் பிரசங்க மேடை, அவருடைய தந்தை நிகோலா 1265 முதல் 1268 வரை உருவாக்கியது.

கொஞ்சம் குனிந்து தரையைப் பாருங்கள். கோலமா, ஓவியமா? வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த 56 சித்திரங்கள்! கால் பட்டுத் தேய்ந்துவிடக் கூடாதென்று வருஷத்தில் பெரும்பகுதி மூடி வைத்திருக்கிறார்கள். வருஷத்தில் குறிப்பிட்ட சில காலம்தான் முழுத் தரிசனம்.

வெளியே வந்தால், பக்கத்தில் கூரையில்லாமல் ஒரு பிரம்மாண்டமான சுவர் தன்னந்தனியாக நிற்கிறது. அதற்கு ஒரு கதை உண்டு.

பிளாரென்ஸில் 1296-ல் பெரிய கோயில் ஒன்று எழும்பத் தொடங்கியது. ஸியனாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1339-ல் ஒரு தீர்மானம் செய்தார்கள். இருக்கிற கோயில் முழுவதும் குறுக்கு மண்டபமாகிவிட வேண்டும். அதைவிடப் பெரிய மண்டபம் புதிதாக எழ வேண்டும்! வேலையும் மும்முரமாக நடந்தது.

1348-ல் வந்தது பிளேக். ஊரில் பெரும்பகுதி மாண்டு போயிற்று. அக்னோலோ டி டூரா என்பவர், தம் ஐந்து குழந்தைகளையும் தம் கைகளாலேயே புதைத்ததாக எழுதி வைத்திருக்கிறார். தாய்மார்களே, இதற்கு மேல் என்ன சொல்ல? எழுப்பிய கட்டடத்திலும் பலக் குறைவு தெரிந்தது. 1357-ல் வேலையைக் கைவிட்டார்கள்.

குறுகிய படிகளில் அந்தச் சுவரின் உச்சிக்கு ஏறலாம். மண்டபம் வந்திருக்க வேண்டிய இடத்தில் இன்று ஜனங்கள் நடமாடுகிறார்கள். எதிரே பழைய கோயில் முழுசாகத் தெரிகிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தரையில் பார்த்தோமே, அந்தச் சித்திர வேலை தொடங்கியது இத்தனை துயரத்துக்கும் பிறகுதான். உலகத்திலேயே பெரிய கோயில் வேண்டும் என்ற ஆசை போயிற்று. மிஞ்சியவர்களும் அவர்கள் சந்ததியும், இருந்த கோயிலின் தரையில் மண்டியிட்டு, கல் கல்லாகப் பதித்தார்கள். சுவரைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை உள்ளே போய் அந்தத் தரையைப் பாருங்கள். முதலில் பார்த்ததைவிட அழகாக இருக்கும்.