முதலில் கடலைக் கேளுங்கள்

வானொலியில் வானிலை அறிவிப்பு வாசிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. நவம்பர் பிறந்துவிட்டால் ‘கிழக்குக்கரையில் பலத்த காற்று, கொந்தளிக்கும் கடல்’ என்ற வரி அடிக்கடி கைக்கு வரும். வாசித்து முடித்து, அடுத்த பாட்டைப் போட்டுவிடுவேன். அப்படி வாசித்த ஒரு வாரத்தில்தான் டிசம்பர் பள்ளி விடுமுறைக்காகப் பகாங்கின் சிரேட்டிங்கில் அறை பதிவு செய்தேன். வாடகை வழக்கத்தில் பாதி. ஏன் பாதி என்று கேட்கத் தோன்றவில்லை.

அம்மா, மனைவி, ஆறு வயது மகள், அக்கா, அக்காவின் பதினான்கு வயது மகன் என்று ஒரு வேன் நிறையப் போனோம். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு குவாந்தான் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தது. அலை ஆள் உயரத்துக்கு எழுந்து விழுந்தது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்தோம். அவளுக்கு அது போதும். மருமகனுக்குப் போதவில்லை.

“மாமா, அங்க பாருங்க, அலையே இல்ல. அங்க மட்டும் கால் நனைக்கிறேன்.”

அவன் காட்டிய இடத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் மட்டும் ஒரு பட்டை அமைதியாக, சற்றுக் கருமையாக இருந்தது. கொடி ஏற்றியவர்கள் இதையும் பார்த்திருப்பார்களே என்று யோசிக்காமல், “முட்டிக்கு மேல போகாதடா” என்றேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவன் தலை மட்டும் தெரிந்தது. கரையை நோக்கிக் கையடிக்கிறான், ஆனால் தூரம் கூடிக்கொண்டே போகிறது. அக்கா கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அலைச்சறுக்குப் பலகையோடு நின்ற உள்ளூர் இளைஞர் ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தண்ணீரில் பாய்ந்து, பலகையில் படுத்தபடி போய் அவனை ஏற்றி, சுற்றி வளைத்துக் கரை சேர்த்தார்.

பிறகு அவர்தான் விளக்கினார். அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். ஆழமான ஒரு வாய்க்காலைக் கண்டுபிடித்து அதன் வழியாக வேகமாகப் போகும். அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. பார்ப்பவருக்கு அதுதான் பாதுகாப்பான இடமாகத் தெரியும். அதில் மாட்டினால் கரையை நோக்கி நேராக நீந்தக் கூடாது, நீந்தினால் களைத்துப்போவோம். மிதந்துகொண்டு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த இழுப்பை விட்டு வெளியே வந்தபின் திரும்ப வேண்டும். நம்மைப் பயமுறுத்திய அந்த அலைக்காகத்தான் மழைக்காலத்தில் அலைச்சறுக்குக்காரர்கள் சிரேட்டிங்குக்கு வருகிறார்களாம். அவர்களுக்கு நல்ல கடல், நமக்குக் கெட்ட கடல்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறிவிட்டது. முன்பு விடுதியின் நீச்சல் குளப் படத்தில் தொடங்குவோம். இப்போது மாதத்தில் தொடங்குகிறோம்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது கிழக்குக்கரை வேண்டாம். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் போன்ற தீவுகளின் தெளிந்த தண்ணீரும் பவளப்பாறைகளும் ஆண்டின் நடுவில் காத்திருக்கும். ஆண்டு இறுதிக்கு மேற்குக்கரையே நல்லது. சுமத்ரா மறைப்பாக இருப்பதால் மலாக்கா நீரிணையில் பெரிய அலை குறைவு.

அடுத்தது நேரம். மேற்குக்கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். மோரிப்பில் தண்ணீர் இறங்கிய நேரத்தில் போய், நீச்சலுடையோடு சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற குடும்பம் எங்களுடையது மட்டுமல்ல. நீரேற்ற அட்டவணையைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.

மூன்றாவது வயது. ஆறு வயதுக்கு வேண்டியது முழங்கால் ஆழம், நிழல், பக்கத்தில் கழிவறை. பதினான்கு வயதுக்கு வேண்டியது ஒரு வேலை. அது இல்லாவிட்டால் ஆபத்தை அவர்களே தேடிக்கொள்வார்கள். அன்று என் மருமகன் செய்ததும் அதுதான். பெரியவர்கள் சின்னவளைச் சுற்றியே உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு நாங்கள் ஒன்றும் யோசித்து வைக்கவில்லை.

இரண்டு வயதுக்கும் ஒத்துவரும் இடங்கள் உண்டு. லுமுட்டிலிருந்து ஃபெரி ஏறினால் பங்கோர். அங்கே தெலுக் நிப்பாவில் சின்னவர்கள் மணலில் விளையாடலாம். பெரியவர்கள் பாதுகாப்பு அங்கியோடு கயாக் ஓட்டி எதிரே இருக்கும் கியாம் தீவுப் பக்கம் போய்வரலாம். மாலையில் இருவாச்சிப் பறவைகளைப் பார்க்கலாம். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டரில் போர்ட்டிக்சன். தெலுக் கெமாங்கில் பனானா போட் உண்டு. படகுகள் ஓடும் பக்கத்தை விட்டுத் தள்ளிக் குளிப்பது நல்லது. அருகில் தஞ்சோங் துவான் காட்டுப் பாதையில் ஏறினால் பழைய கலங்கரை விளக்கம். மார்ச் வாக்கில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் பருந்துகளை அங்கிருந்து பார்க்கலாம்.

பையில் ஒரு போத்தல் வினிகரும் வைத்திருக்கிறோம். நம் கடலில் கொடிய பெட்டி ஜெல்லிமீன்களும் உண்டு. கொட்டிய இடத்தைத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. வினிகரை ஊற்றிவிட்டு உடனே 999-ஐ அழைக்க வேண்டும்.

மறு ஆண்டு டிசம்பரில் போர்ட்டிக்சன் போனோம். மருமகன் வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். முதல் நாள் தண்ணீரில் இறங்கவே இல்லை. மறுநாள் காலை கைப்பேசியைப் பார்த்தபடியே என் மகளிடம், “பத்து மணிக்கு மேல தண்ணி ஏறும், அதுக்குள்ள மணல் வீடு கட்டிடலாம் வா” என்றான். கட்டி முடித்தபின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆழம்வரை போனான். அக்கா எழுந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

வானிலை அறிவிப்பை இப்போதும் நான்தான் வாசிக்கிறேன். கடல் கொந்தளிப்பு வரி வந்தால் கொஞ்சம் நிதானமாக, இரண்டு முறை வாசிக்கிறேன்.