யானையின் விலையும் தீனியின் விலையும்

துபாயில் பழைய சொகுசுக் கார்களை வாங்கி விற்கும் ஒரு ஷோரூமில் சில வருடங்கள் விலை மதிப்பீடு செய்யும் வேலையில் இருந்தேன். தேராவில் ஒரு பெட் ஸ்பேஸில் தூங்கி எழுந்து, மெட்ரோ பிடித்துப் போய், லம்போர்கினிக்கு விலை சொல்லும் உத்தியோகம். பத்து லட்சம் திர்ஹம் கொடுத்து வாங்கிய காரை நாலு வருடம் கழித்துக் கொண்டுவருவார்கள். "நாலு லட்சத்துக்கு மேல போகாது சார்" என்பேன். முகத்தில் வருத்தம் காட்டுவதும் சம்பளத்தில் சேர்த்திதான். உள்ளுக்குள் எனக்கு ஒரு குஷி ஓடும். நான் ஆயுளுக்கும் சம்பாதிக்க முடியாத தொகையை ஒருவர் கண்ணெதிரே இழந்து நிற்பதைப் பார்க்கிற குஷி. நல்ல குணமல்ல என்று தெரிந்தேதான் அதை அனுபவித்தேன்.

விலை ஏன் இப்படி விழுகிறது என்பது புரியக் கொஞ்ச காலம் பிடித்தது. கார் உள்ளே வந்ததும் புது ஆட்கள் பானெட்டைத் திறப்பார்கள். பழைய ஆட்கள் கிளவ் பாக்ஸைத் திறந்து சர்வீஸ் புத்தகத்தை எடுப்பார்கள். நானும் அப்படித்தான் மாறினேன். காரணம், அடுத்து வாங்கப்போகிறவர் பணம் கொடுப்பது காருக்கு மட்டுமல்ல, அதோடு சேர்ந்து வரும் பயத்துக்கும்தான். 1990களில் வந்த ஃபெராரி எஃப்355-இல் டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே காரிலிருந்து இறக்க வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை அதைச் செய்தாக வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் போய்விடும். அதனால் கடைசியாக பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று சொல்லும் ஒரு கசங்கிய பில், பளபளக்கும் பெயின்டைவிட மதிப்புள்ளது. பின்னால் வந்த எஃப்430-இல் பெல்ட்டை எடுத்துவிட்டு செயின் வைத்தார்கள். அந்த ஒரு மாற்றத்தின் அருமை பழைய ஃபெராரி தேடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கார்பன் செராமிக் பிரேக் இன்னொரு பூதம். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் மாற்றுகிற காசில் சின்ன ஜப்பான் கார் ஒன்றை வாங்கிவிடலாம். கார் பத்து லட்சமாக இருந்தபோது டிஸ்க்குக்கு என்ன விலையோ, கார் இரண்டரை லட்சத்துக்கு இறங்கிய பிறகும் ஏறக்குறைய அதே விலைதான். முதல் உரிமையாளரின் கையில் டிஸ்க் புதிது, அந்த பில்லை அவர் பார்த்ததே இல்லை. மூன்றாவதாக வாங்குகிறவர் இரண்டரை லட்சத்தைப் புரட்டி வருகிறவர். அவர் தலையில்தான் பத்து லட்சத்துக் காரின் செலவு விழும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். யானையின் விலை வருடா வருடம் சரியும், தீனி மட்டும் ஒரு பிடியும் குறையாது. அதே ஊரில் லேண்ட் க்ரூஸரைப் பாருங்கள். ஷார்ஜா தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறையிலும் அதைப் பிரித்து மாட்ட ஆள் உண்டு, பார்ட்ஸ் உண்டு. அதன் விலை அசையவே அசையாது.

மற்ற காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. பழைய மாடல் சூடு ஆறும் முன் புது மாடல் வருவது ஒன்று. மெக்லாரன் 2011-இல் 12சி-யைக் கொடுத்தது, 2014-இல் அந்த இடத்துக்கு 650எஸ், 2017-இல் 720எஸ். ஒவ்வொரு அறிமுகமும் முந்தையதை வாங்கியவரின் பர்ஸில் கை வைத்தது. துபாயில் இன்னொன்றும் உண்டு. வளைகுடா வெயிலுக்கென்று செய்த ஜிசிசி ஸ்பெக்காக இல்லாமல் அமெரிக்க இறக்குமதியாக இருந்தால், கேட்கிறவர் உடனே விபத்துக் காரோ என்று சந்தேகப்படுவார். ஜூனில் பள்ளி முடிந்து குடும்பங்கள் ஊரைக் காலிசெய்யும்போது விற்க வந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு மேல் ஆசை ஆசையாகச் செய்துகொண்ட அலங்காரங்கள். இருக்கையில் தன் பெயரின் முதலெழுத்தை ஊதா நூலில் தைத்துக்கொண்ட ஒருவர் அதற்கும் சேர்த்து விலை கேட்டார். அதே இனிஷியலில் இன்னொருவரை நான் எங்கே போய்த் தேடுவது?

அபூர்வமாக இருந்தால் விலை நிற்கும் என்று சொல்வார்கள். அதுவும் அரைகுறை உண்மைதான். ஜாகுவார் எக்ஸ்ஜே220-ஐ 1988 பர்மிங்ஹாம் கண்காட்சியில் பன்னிரண்டு சிலிண்டர், நான்கு சக்கர இயக்கம் என்று காட்டினார்கள். ஆர்டர்கள் குவிந்தன. 1992-இல் வந்து சேர்ந்த காரில் இருந்தது ஆறு சிலிண்டர் டர்போ, பின்சக்கர இயக்கம். இடையில் பொருளாதார மந்தம் வேறு. முன்பணம் கட்டியவர்களில் சிலர் ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ள நீதிமன்றம் வரை போனார்கள். முந்நூறுக்கும் குறைவாகவே செய்தும் அதன் விலை பல வருடம் தலை தூக்கவில்லை. அதே மந்தத்தில் பிறந்த மெக்லாரன் எஃப்1-ஐ 300 செய்ய நினைத்து 106-உடன் நிறுத்தினார்கள். 1995-இல் அது லே மான்ஸ் பந்தயத்தை வென்றது. 2021-இல் ஒன்று இரண்டு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. இரண்டுமே அரிது, ஆனால் ஒன்று சொன்ன வாக்கில் குறைந்து வந்தது. கையால் கியர் போடும் ஃபெராரிகளுக்கு இன்று கூடுதல் விலை கிடைப்பதும் அரிது என்பதால் மட்டுமல்ல. ஃபெராரி அந்த கியரைக் கைவிட்டுப் பல வருடம் ஆகிவிட்டது.

இதெல்லாம் தெரிந்த தெம்பில்தான் ஒருநாள் ஒரு தம்பியிடம் பேசினேன். ராமநாதபுரம் பக்கத்துப் பையன், சரக்குப் போக்குவரத்துத் தொழில் செய்கிறவர். பத்து வயதான பன்னிரண்டு சிலிண்டர் இத்தாலியக் கார் ஒன்றின் முன் வந்து நின்றார்.

"அண்ணே, புதுசுல கால்வாசி விலைதானே? லாபம்தானே?"

"விலைதான் தம்பி கால்வாசி. பிரேக்கு முழு விலை."

வருடத்துக்கு என்ன செலவாகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதலாளி பார்த்திருந்தால் என் வேலை போயிருக்கும். தம்பி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுவாரம் வந்து அதே காரை வாங்கினார். அந்தத் தாளில் இருந்த தொகையை வேறொரு கணக்கில் தனியாகப் போட்டிருப்பதாகச் சொன்னார்.

காரை விற்க அவர் திரும்பி வந்தபோது, ஃபெராரி தன் ஹைப்ரிட் கார்களுக்குக் கொண்டுவந்திருந்த புது வாரண்டி பற்றித்தான் ஷோரூமில் பேச்சு. சந்தா கட்டி வந்தால் எட்டாம் வருடத்திலும் பதினாறாம் வருடத்திலும் பேட்டரியையே மாற்றித் தருவார்களாம். மூன்றாவது ஆளின் பயம் கடைசியில் கம்பெனிக்கும் எட்டிவிட்டது என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். வழக்கமான குஷிக்காக நானும் உள்ளுக்குள் தயாராகத்தான் இருந்தேன்.

"எவ்வளவு நஷ்டம்ணே?" என்றார்.

சொன்னேன். கொடுத்ததில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும்.

"அப்போ மாசத்துக்கு இவ்வளவு வாடகைன்னு வெச்சுக்கலாம்" என்று போனில் கணக்குப் போட்டார். "ஜெபல் ஜைஸ் மலை ரோட்டுல ஓட்டிருக்கீங்களா?"

ஓட்டியதில்லை. எங்கள் ஷோரூம் வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும்தான் எந்தக் காரையும் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்குக் குஷி வரவில்லை, பொறாமைதான் வந்தது. பில்கள் ஒன்று விடாமல் ஃபைலில் இருந்தன, பிரேக் டிஸ்க் புதிது. முதலாளியிடம் அதைக் காட்டி இன்னும் எட்டாயிரம் திர்ஹம் ஏற்றிக் கொடுத்தேன்.