எலும்பு வெளியே தெரிந்தால்

எங்கட புளியங்குளத்தில் இரவில் ஏ9 வீதியில் மாடு குறுக்கே வந்தால், மோட்டார் சைக்கிளில் வந்தவரின் கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். காயத்துக்குள் மண், சாணி எல்லாம் போகும். தயவுசெய்து கோப்பித்தூள் அப்பாதீர்கள். அன்ரிபயோட்டிக் கப்சூலை உடைத்துத் தூவவும் வேண்டாம். அந்த மருந்து ஊசியாக இரத்தத்தில் ஏற வேண்டும், அதுவும் ஒரு மணித்தியாலத்துக்குள் என்றால் நல்லது. 1974இல் பட்சாக்கிஸ் என்ற எலும்பு மருத்துவரின் குழு அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், அன்ரிபயோட்டிக் பெறாதவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குக் கிருமி தொற்றியது. செபலோதின் என்ற அன்ரிபயோட்டிக் பெற்றவர்களில் 2 பேருக்குத்தான். காலையே காப்பாற்றுகிற வித்தியாசம் இது! ஏற்பு ஊசியும் கேளுங்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதென்றால் டொக்டரிடம் முதலே சொல்லுங்கள்.

எலும்பை உள்ளே தள்ளாமல், சுத்தமான துணியால் மூடி, கால் அசையாமல் கட்டி, உடனே 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.